பல்லைப் பிடித்துப் பார்த்தல்

1994 பெப்ரவரி. றூர் பகுதியில் ஒரு சின்ன நகரம். வெளியே பனி உருகிச் சேறாகிக் கிடந்தது. பல் வைத்தியரின் காத்திருக்கும் அறையில் மாமி என் பக்கத்தில் இருந்தா. தலைக்குக் கம்பளித் தொப்பி, அதன்மேல் சேலைத் தலைப்பு. வலது கன்னம் வீங்கியிருந்தது. மூன்று நாட்களுக்குள் நாங்கள் அங்கே வருவது இரண்டாவது தடவை.

“தம்பி, உள்ள போனதும் அவருக்கு ஒண்டு சொல்லும். பிழையான பல்லைப் பிடுங்கிப்போட்டார். நொந்த பல் இன்னும் இருக்கு. கோவமாச் சொல்ல வேண்டாம். சொன்னால் காணும்.”

“ஓம் மாமி.”

உள்ளே போனோம். வைத்தியர் கையுறையை இழுத்துப் போட்டபடி வழக்கமான கேள்வியைக் கேட்டார். “நோவு இன்னும் போகவில்லையாம்” என்றேன். வாயைத் திறக்கச் சொன்னார். முதலில் பிடுங்கிய இடத்துக்குப் பக்கத்துப் பல்லை ஒரு கம்பியால் தட்டினார். மாமி துடித்துப்போனா. “இதையும் எடுக்கவேண்டும்” என்றார். எடுத்தார். பத்து நிமிட வேலை.

எழும்பும்போது மாமி பஞ்சைக் கடித்தபடி என்னைப் பார்த்தா. சொல்லும் என்கிற பார்வை. நான் வைத்தியர் பக்கம் திரும்பி, “உங்களுக்கு மிகவும் நன்றி சொல்கிறா” என்றேன். அவர் சிரித்தபடி மாமியின் தோளில் தட்டினார்.

பஸ் தரிப்பில் மாமி பஞ்சைத் துப்பிவிட்டுக் கேட்டா: “சொன்னனீரோ?”

“ஓம்.”

“என்னவாம்?”

நான் தெருவைப் பார்த்தேன். பஸ் வருகிற மாதிரித் தெரியவில்லை. “மன்னிக்கச் சொன்னவர் மாமி” என்றேன்.

மாமி கொஞ்ச நேரம் பேசாமல் நின்றா. பிறகு, “அது காணும்” என்றா.

நான் சொல்லாமல் விட்ட வசனம் ஒன்று. ஒருவரும் சொல்லாததை நானாகச் சொன்ன வசனம் மற்றது. இந்த இரண்டு வசனங்களும் இருபது வருடங்களுக்கு மேலாக என்னோடு இருந்தன. அவற்றைப் பற்றித்தான் எழுத நினைக்கிறேன்.

*

மாமி எனக்குச் சொந்தமில்லை. ஊரில் எங்கள் ஒழுங்கைக்கு இரண்டு ஒழுங்கை தள்ளி. அகதிகள் விடுதிக்கு வந்த அன்றே “நீர் ஆற்றை பெடியன்?” என்று விசாரித்து, பாட்டன் வழியில் ஒரு உறவைக் கண்டுபிடித்து எனக்கு மாமியாகிவிட்டா. 1993இன் கடைசியில் வந்தவ. வந்த கதையை மெல்ல மெல்லத்தான் சொன்னா.

மகனை வெளிநாடு அனுப்புவதற்காகக் கொழும்புக்குக் கூட்டி வந்து ஒரு லொட்ஜில் தங்கியிருந்திருக்கிறா. 1993 மே மாதம் முதலாம் திகதி பிரேமதாசா கொல்லப்பட்ட பிறகு கொழும்பில் தமிழ்ப் பெடியன்களை அள்ளிக்கொண்டு போனார்கள். ஒரு இரவு லொட்ஜிலும் ஏறினார்கள். அதற்குப் பிறகு மகன் இல்லை. மாமி பொலிஸ் நிலையம் பொலிஸ் நிலையமாக ஏறி இறங்கினா. சில இடங்களில் முறைப்பாட்டை எழுதவே மறுத்தார்கள். ஒரு இடத்தில் எழுதினார்கள், பிறகு “நீ ஏன் கொழும்புக்கு வந்தாய்? எங்கே தங்கியிருக்கிறாய்? ஆர் காசு அனுப்புறது?” என்று மாமியையே விசாரித்தார்கள். முறைப்பாடு கொடுக்கப் போனவ சந்தேக நபராகித் திரும்பி வந்தா. மகனுக்கென்று ஏஜென்சிக்குக் கட்டிய காசில், சொந்தக்காரர்கள் மாமியை ஏற்றி அனுப்பிவிட்டார்கள். மகனுடைய இடத்தில் தான் வந்திருக்கிறேன் என்றுதான் எப்போதும் சொல்லுவா.

விடுதியில் மாமியின் கட்டிலுக்குக் கீழே ஒரு பிளாஸ்ரிக் பை இருந்தது. அதற்குள் மகனுடைய படம், பொலிஸ் துண்டுகள், செஞ்சிலுவைச் சங்கத்தின் கடிதங்கள். 1994 நவம்பரில் சந்திரிகா அரசாங்கம் காணாமற்போனோர் பற்றி விசாரிக்க மூன்று ஆணைக்குழுக்களை அமைத்தபோது, மாமி சொல்லச் சொல்ல நான்தான் ஆங்கிலத்தில் எழுதினேன். ஒரு சொல்லையும் விழுங்கவில்லை. லொட்ஜின் பெயர், இரவு எத்தனை மணி, வாகனத்தின் நிறம், மகன் போட்டிருந்த சேட்டின் நிறம் எல்லாம் எழுதினேன். எட்டாயிரம் கிலோமீற்றருக்கு அப்பால் இருக்கும் அரசாங்கத்திடம் எனக்குப் பயமில்லை. ஒரு மேசைக்கு அப்பால் நின்ற பல் வைத்தியரிடம் பயம்.

*

ஏன் பயந்தேன்?

நான் 1985 தொடக்கத்தில் கிழக்கு பேர்ளின் விமான நிலையத்தில் இறங்கி, நகர ரயிலில் மேற்கு பேர்ளினுக்குள் வந்தவன். மாமி வந்த நேரத்தில் எனக்கு இந்த நாட்டில் ஒன்பது வருடம். உணவகக் குசினிகளில் கோப்பை கழுவிக் கழுவிப் படித்த டொச் என்னிடம் இருந்தது. அந்த டொச்சுக்கு “ஓம் செவ் (அதாவது முதலாளி)”, “இதோ முடிந்தது”, “மன்னிக்கவும்” எல்லாம் நன்றாகத் தெரியும். “நீங்கள் பிழை செய்துவிட்டீர்கள்” என்று சொல்லத் தேவைப்பட்டதே இல்லை. இலக்கணம் தெரியாமலில்லை. அப்படிச் சொல்லுகிற வாய் எனக்கு இருக்கவில்லை.

இரண்டாவது காரணம் அந்தத் துண்டு. 1993 நவம்பர் 1ம் திகதி இந்த நாட்டில் புதுச் சட்டம் ஒன்று நடைமுறைக்கு வந்தது. அகதி விண்ணப்பம் போட்டவர்களுக்கான உதவிச் சட்டம். அதன் 4ம் பிரிவின்படி கடும் வருத்தத்துக்கும் நோவுக்கும்தான் வைத்தியம். கட்டுப்பல் போன்றவை, தள்ளிப்போட முடியாத மருத்துவக் காரணம் இருந்தால் மட்டும். வருத்தம் வந்தால் முதலில் வைத்தியரிடம் போக முடியாது. சோசல் கந்தோருக்குப் போய் வரிசையில் நின்று வருத்தத்துக்கான துண்டை வாங்கவேண்டும். மருத்துவம் தெரியாத ஒரு உத்தியோகத்தர், இந்த நோவு நோவுதானா என்று மேசைக்கு மேலால் பார்த்து முடிவெடுப்பார். இப்படி வாங்கிய துண்டோடு போய், “நீர் பிழையான பல்லைப் பிடுங்கினீர்” என்று எப்படிச் சொல்வது? அடுத்த முறை துண்டு தராவிட்டால்? கந்தோருக்கு ரெலிபோன் எடுத்து இவர்கள் பிரச்சினைக்காரர்கள் என்று சொல்லிவிட்டால்? அது விசா வரை போனால்? ஒரு வைத்தியருக்கும் விசாவுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்பது இன்று எனக்குத் தெரியும். அன்று எங்களுக்கு எல்லாக் கதவுகளும் ஒரே கட்டிடத்தின் கதவுகளாகத்தான் தெரிந்தன.

மூன்றாவது காரணம் இன்னும் பழையது. தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக்கூடாது என்று எங்கள் ஊரில் சொல்லுவார்கள். பெரியாஸ்பத்திரியில் காசில்லாமல் வைத்தியம் பார்த்த பரம்பரை நாங்கள். அப்போதிக்கரி ஐயா ஏசினாலும், தாதி தள்ளினாலும், மருந்துத் துண்டு கையில் கிடைத்தால் கும்பிட்டுவிட்டு வருவோம். வீட்டுக்கு வந்து வேலியோரம் நின்று நாள் முழுக்கக் குறை சொல்லுவோம். வேலிக்கு அந்தப் பக்கம் குறை சொல்வதில் எங்களை வெல்ல ஆளில்லை. உரியவருக்கு முன்னால் மட்டும் வாய் திறக்காது. காசு கொடுக்காதவனுக்குக் கேட்க உரிமையில்லை என்பது எங்கள் எலும்பில் எழுதியிருந்தது.

இந்தக் கேள்வி எங்களுடையது மட்டும் இல்லை என்பதைப் பிறகு வாசித்துத் தெரிந்துகொண்டேன். 1995 நவம்பர் 13ம் திகதி இந்திய உச்ச நீதிமன்றம், இந்திய மருத்துவர் சங்கத்துக்கும் வி.பி.சாந்தா என்பவருக்கும் இடையிலான வழக்கில் ஒரு தீர்ப்பைச் சொன்னது. காசு வாங்கிச் செய்யும் வைத்தியம், 1986ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும் ஒரு சேவை. எல்லோருக்கும் முற்றிலும் இலவசமாக வைத்தியம் செய்யும் இடம் அந்தச் சட்டத்தின் கீழ் வராது. ஆனால் சிலரிடம் காசு வாங்கிக்கொண்டு ஏழைகளுக்கு இலவசமாகச் செய்யும் ஆஸ்பத்திரியில், காசு கொடாதவரும் முறையிடலாம். எனக்கு இந்தக் கடைசி வசனம் பிடித்திருந்தது. தானமாக வந்த மாடானாலும் பல்லைப் பிடித்துப் பார்க்கலாம் என்று ஒரு நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. மாமி பல்லைக் கொடுத்து ஒரு வருடமும் ஒன்பது மாதமும் கழித்து.

*

டொச்சில் முறைப்பாட்டுக்குப் பெஷ்வேர்ட என்று சொல்லுவார்கள். இந்தச் சொல்லை நான் முதலில் படித்தது முறைப்பாட்டுக்கு அல்ல. வைத்தியர்களிடம் போனால் முதற்கேள்வியே “என்ன பெஷ்வேர்டன்?” என்பதுதான். அதாவது, உமக்கு என்ன வருத்தம், எங்கே நோகுது? அன்று அந்தப் பல் வைத்தியர் கையுறையைப் போட்டபடி கேட்டதும் இதே கேள்விதான். நோவுக்கும் முறைப்பாட்டுக்கும் இந்த மொழியில் ஒரே சொல். இரண்டுக்கும் அடியில் இருப்பது பாரம் என்ற பொருள். அவர் மாமியிடம் அந்தச் சொல்லிலேயே கேட்டார். நான் பாதியை மட்டும் மொழிபெயர்த்தேன்.

தமிழில் முறைப்பாடு என்ற சொல்லுக்குள் முறை இருக்கிறது. முறையிட்டால் முறை செய்யவேண்டும். எல்லாளன் அனுராதபுரத்தில் கட்டித் தொங்கவிட்ட மணியைப் பற்றி மகாவம்சமே சொல்கிறது. கன்றைப் பறிகொடுத்த பசு போய் அந்த மணியை அடித்ததாம், அரசன் தன் மகனையே தண்டித்தானாம். சின்ன வயதில் அரசனின் நீதியைத்தான் வியந்தேன். இப்போது அந்தப் பசுவை வியக்கிறேன். அதற்கு மொழிபெயர்ப்பாளர் தேவைப்படவில்லை.

*

1997இல் எனக்கு ஒரு வீடு கிடைத்தது. எதிர்க்கதவில் இருந்தவர் என் வயதுக்காரர், 1961இல் பிறந்தவர். இரண்டு கைகளும் முழங்கைக்கு மேலேயே முடிந்து, அங்கேயே விரல்கள் இருந்தன. திறப்பை வாயால் பிடித்துக் கதவு திறப்பார். முதல் சில மாதங்கள் நான் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு படியிறங்குவேன். ஒருநாள் அவரே மறித்து, “பாரும், பார்த்து முடியும். பிறகு தேத்தண்ணி குடிப்போம்” என்றார்.

அவர் சொல்லித்தான் கொன்ரெர்கான் கதை எனக்குத் தெரியும். நித்திரைக் குளிசை. ஆகன் நகருக்குப் பக்கத்தில் ஸ்ரொல்பேர்க்கில் இருக்கும் குறுனன்ரால் என்ற கம்பனி 1957 ஒக்ரோபரில் சந்தைக்குக் கொண்டுவந்தது. ஆபத்தில்லாதது என்று விளம்பரம். கர்ப்பிணிப் பெண்களும் போட்டார்கள். கைகால் குறைந்த பிள்ளைகள் பிறந்தன. இந்த நாட்டில் மட்டும் ஏறத்தாழ 5,000 பிள்ளைகள். ஹம்பூர்க்கின் பிள்ளை வைத்தியர் விடுகின்ட் லென்ஸ் தாய்மாரிடம் ஒவ்வொருவராகக் கேட்டு, 1961 நவம்பரில் கம்பனியிடம் சொன்னார். பத்திரிகையில் வந்த பிறகுதான், நவம்பர் 27ம் திகதி, குளிசையைத் திருப்பி எடுத்தார்கள். 1968இல் ஆல்ஸ்டோர்வில் வழக்குத் தொடங்கியது. 1970 டிசம்பரில் தீர்ப்பில்லாமலே நிறுத்தப்பட்டது. கம்பனி 100 மில்லியன் மார்க் தர ஒத்துக்கொண்டது. பெற்றோர் இனி ஒன்றும் கேட்பதில்லை என்று கையெழுத்து வைத்தார்கள்.

“அம்மா செத்தபோதும் தன்னில்தான் பிழை என்று நினைத்துக்கொண்டு செத்தா” என்றார் எதிர்வீட்டுக்காரர். “எங்கள் ஊர் வைத்தியரிடம் ஒரு தடவைகூட அவ அந்தக் குளிசையைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்கிற காலமில்லை அது. வெள்ளை அங்கி போட்டவருக்கு முன்னால் நாங்களும் குனிந்து நின்ற ஆட்கள்தான். நீங்கள் மட்டுமில்லை.”

2012 ஓகஸ்ட் 31ம் திகதி ஸ்ரொல்பேர்க்கில் ஒரு சிலையைத் திறந்து வைத்து, கம்பனியின் தலைவர் மன்னிப்புக் கேட்டார். குளிசையைத் திருப்பி எடுத்து ஐம்பது வருடத்துக்கு மேல். எதிர்வீட்டுக்காரர் தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு, “பிந்திப்போச்சு, ஆனாலும் கேட்கவேண்டும்” என்றார். அந்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை. இவர் ஐம்பது வருடம் காத்திருந்து ஒரு உண்மையான மன்னிப்பைப் பெற்றிருக்கிறார். மாமிக்கு நான் ஐந்து நிமிடத்தில் ஒரு பொய்யான மன்னிப்பைக் கொடுத்துவிட்டேன்.

மாமி அந்த மன்னிப்பை மறக்கவில்லை. அதுதான் என்னை வதைத்தது. கலியாணவீடு, செத்தவீடு, எங்கே பல்லுக் கதை வந்தாலும் சொல்லுவா: “எனக்கும் பிழையான பல்லைத்தான் பிடுங்கினவர். ஆனால் மன்னிப்புக் கேட்டவர். அங்க ஆரும் எங்களிட்டை மன்னிப்புக் கேட்டவையோ?” சொல்லிவிட்டு என்னைச் சாட்சிக்குப் பார்ப்பா. நான் தலையாட்டுவேன்.

*

2015இல் மனைவியின் தங்கையுடைய மகளுக்குக் கலியாணம். அழகுக்கலைப் பெண் எங்கட ஆள்தான், வீட்டில் வைத்துச் செய்கிறவ. பெண்பிள்ளைகளுக்கெல்லாம் கையில் மருதோண்டி. நல்ல கறுப்பாக வரும் என்று ஒரு தூளைக் குழைத்துப் போட்டா. நாலாம் நாள் என் மகளின் கை கோலம் கோலமாகக் கொப்பளித்தது. பூ எங்கே வரைந்திருந்ததோ அங்கே கொப்பளமும் பூவாக.

தோல் வைத்தியர் பார்த்த உடனே சொன்னார். மருதோண்டி இலை செம்மண் நிறந்தான் தரும், கறுப்புத் தராது. கறுப்பு வருகிறதென்றால் தலைமயிர்ச் சாயத்தில் போடும் பி.பி.டி. என்ற இரசாயனத்தைக் கலந்திருக்கிறார்கள். ஐரோப்பாவில் அதைத் தலைமயிர்ச் சாயத்தில் 2 வீதம் வரைதான் சேர்க்கலாம், தோலில் பூசுவதற்கு அனுமதியே இல்லை. ஒருமுறை உடம்பு அதற்கு எதிர்ப்புக் காட்டிவிட்டால் ஆயுள் முழுவதும் காட்டும். இனி இந்தப் பிள்ளை தலைக்குச் சாயம் பூசும்போதும் கவனமாக இருக்கவேண்டும்.

மகள் அன்றிரவே கடிதம் எழுத இருந்தாள். எனக்குப் பழைய நடுக்கம்.

“எங்கட ஆள் பிள்ளை. மூண்டு பிள்ளையளோடை தனிய நிண்டு உழைக்கிறா. ரிசீற்றும் இல்லை. நாளைக்குக் கோயிலிலை முகத்தைப் பாக்கிறேல்லையே?”

“அப்பா, நான் அவவை மறியலிலை போடச் சொல்லேல்லை. அடுத்த கிழமை இன்னொரு பிள்ளையின்ர கையிலை இதைப் போடப்போறா. அவவுக்குத் தெரியவேணும்.”

வெள்ளைக்காரனிடம் கேட்பதற்கு விசா பயம். எங்கட ஆளிடம் கேட்பதற்கு முகத்துக்குப் பயம். அப்படிப் பார்த்தால் நான் யாரிடந்தான் கேட்பது?

மாமி அன்று எங்கள் வீட்டில் இருந்தா. 78 வயது, காது மட்டும் கூர்மை. மகளைக் கூப்பிட்டுப் பக்கத்தில் இருத்தினா. “எழுது பிள்ளை. மரியாதையா எழுது. கேட்டால் மன்னிப்புக் கேப்பினம். எனக்குப் பல் டொக்டர் கேட்டவர். கொப்பர்தான் வந்து சொன்னவர்.”

மகள் என்னைப் பார்த்தாள். நான் குசினிக்குள் போய்விட்டேன்.

கடிதம் போய் மூன்றாம் நாள் அந்தப் பெண் வந்தா. அழுதா. ஊரிலிருந்து ஆரோ கொண்டுவந்து கொடுத்த தூள், பெட்டியில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை, தெரியாமல் போட்டுவிட்டேன் என்றா. வாங்கிய காசைத் திருப்பித் தந்தா. மிச்சத் தூளை மகளிடமே கொடுத்தா. மகள் அதை மாவட்டத்தின் உணவுக் கண்காணிப்பு அலுவலகத்துக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாள். அழகுசாதனப் பொருட்களைக் கண்காணிப்பதும் அவர்கள்தான் என்பது எனக்கு அன்றுதான் தெரியும். அந்தப் பெண் இன்றும் கோயிலில் எங்களோடு கதைக்கிறா. மகளோடு என்னைவிடக் கூடவே கதைக்கிறா.

*

அதற்குப் பிறகு என்னிடம் துணைக்கு வருகிறவர்களுக்காகக் கொஞ்சம் படித்து வைத்தேன். வாசிக்கிற உங்களில் ஒருவருக்காவது உதவும் என்பதால் எழுதுகிறேன்.

முதலில், நடந்ததை அன்றைக்கே எழுதிவையுங்கள். தமிழில் எழுதினாலும் போதும். எத்தனையாம் திகதி, எத்தனை மணி, ஆர் பக்கத்தில் நின்றது, என்ன சொன்னது. தோல், கை, தலைமயிர் என்றால் படமும் எடுத்து வையுங்கள். சலூனிலோ அழகு நிலையத்திலோ பிழை நடந்தால் முதலில் அவர்களிடமே சொல்லித் திருத்த ஒரு சந்தர்ப்பம் கொடுக்கவேண்டும். திருத்தாவிட்டால், ஒரு திகதி குறித்து எழுத்தில் கேளுங்கள். தலைமயிர் வெட்டும் கடைகள் கைத்தொழில் சபையின் கீழ் வருகின்றன, சபையில் சமரசம் செய்துவைப்பார்கள். 16 மாநிலங்களிலும் பாவனையாளர் நிலையங்கள் இருக்கின்றன. கடிதம் எப்படி எழுதுவது என்று சொல்லித் தருவார்கள்.

வைத்தியர் என்றால் வழி வேறு. 1975 தொடக்கம் மருத்துவர் சபைகளில் நிபுணர் குழுக்களும் சமரச மன்றங்களும் இயங்குகின்றன. நோயாளிக்குச் செலவில்லை. நீங்கள் ஒரு நோயாளர் காப்புறுதியில் இருந்தால் முதலில் அங்கே சொல்லுங்கள், காசில்லாமல் நிபுணர் அறிக்கை எடுத்துத் தருவார்கள். உங்கள் வைத்தியக் கோவையைப் பார்க்கும் உரிமையை உயர் நீதிமன்றம் 1982இல் ஒத்துக்கொண்டது. 2013 பெப்ரவரி 26ம் திகதி நடைமுறைக்கு வந்த நோயாளர் உரிமைச் சட்டம் அதை எழுத்தில் வைத்தது. 2023 ஒக்ரோபரில் ஐரோப்பிய நீதிமன்றம், கோவையின் முதல் பிரதிக்குக் காசு கேட்கக்கூடாது என்று தீர்த்தது. அந்த வழக்கும் ஜேர்மனியில் ஒரு பல் வைத்தியரிடம் போன நோயாளியுடையதுதான். வாசித்தபோது சிரிப்பு வந்தது.

2013ம் ஆண்டுச் சட்டத்தில் ஒரு வரி இருக்கிறது. பிழை நடந்திருக்கலாம் என்று காட்டும் விடயம் தனக்குத் தெரிந்தால், நோயாளி கேட்கும்போது வைத்தியர் சொல்லவேண்டும். கேட்கும்போது. கேட்பதற்கு மொழி வேண்டும். வைத்தியரிடம் போகும்போது மொழிபெயர்ப்பாளருக்கான செலவைக் காப்புறுதி ஏற்கவேண்டும் என்று 2021இல் ஆட்சிக்கு வந்தவர்கள் தங்கள் உடன்பாட்டில் எழுதினார்கள். 2024 நவம்பரில் அந்தக் கூட்டணி உடைந்தபோதும் அது சட்டமாகியிருக்கவில்லை. எங்கள் தாய்மாருக்குப் பிள்ளைகள்தான் மொழிபெயர்ப்பாளர்கள். பன்னிரண்டு வயதுப் பெடியன் தாயின் கர்ப்பப்பை வருத்தத்தைப் பெண் வைத்தியருக்குச் சொல்லிக்கொண்டு நிற்பதை நான் கண்டிருக்கிறேன். அவன் எத்தனை வசனங்களை விழுங்கினானோ. 1993ம் ஆண்டின் அந்த 4ம் பிரிவும் இருக்கிறது. மாமி வந்த காலத்தில் 12 மாதத்துக்கென்று தொடங்கியது, 2024 பெப்ரவரி தொடக்கம் 36 மாதம். துண்டோடு வருகிறவர்கள் மட்டும் வேறு ஊர்க்காரர்கள்.

இப்போது யாராவது துணைக்குக் கூப்பிட்டால் வாசலில் வைத்தே கேட்பேன்: “என்ன சொல்லவேண்டும்?” சொன்னதைத் தாளில் எழுதிக்கொண்டுதான் உள்ளே போவேன். அவர்கள் நன்றி சொன்னால்தான் நன்றி சொல்லுவேன்.

*

2016 சித்திரையில் மாமியின் வீட்டுக்குத் தனியாகப் போனேன். வருடப்பிறப்பு முடிந்து இரண்டு நாள். கட்டுப்பல் கழற்றிக் கிளாசில் இருந்தது. பலகாரத்தைத் தேத்தண்ணியில் தோய்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தா.

“மாமி, அண்டைக்குப் பல் டொக்டரிட்டை நீங்கள் சொன்னதை நான் சொல்லேல்லை.”

“என்னத்தை?”

“பிழையான பல்லைப் பிடுங்கினது எண்டு. நான் நன்றிதான் சொன்னனான். அவர் மன்னிப்பும் கேக்கேல்லை. நான்தான் சொன்னது.”

ஏசுவா என்று நினைத்தேன். அழுவா என்றும் நினைத்தேன். மாமி கிளாசில் இருந்த பல்லையே பார்த்துக்கொண்டிருந்தா. நெடுநேரம் கழித்துக் கேட்டா:

“அப்ப, அந்த மனுசனுக்கு இன்னும் தெரியாதோ?”

நான் பேசவில்லை.

“எனக்குப் பிறகு எத்தினை பேரின்ர பல்லைப் பிடுங்கியிருப்பாரோ.” பிறகு, “எழுதும்” என்றா.

நான் சட்டம் சொன்னேன். பிழை தெரிந்த வருடம் முடிந்து மூன்று வருடம்தான் தவணை, உங்களுக்கு அன்றைக்கே தெரியும். கோவையைப் பத்து வருடந்தான் வைத்திருப்பார்கள், 2004இலேயே கிழித்திருப்பார்கள். ஒன்றும் கிடைக்காது மாமி.

“நான் என்ன காசோ கேட்டனான்? எழுதும்.”

எழுதினேன். 1994 பெப்ரவரியில் மாமி சொன்னதை, ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல், டொச்சில். நீங்கள் பிழையான பல்லைப் பிடுங்கிவிட்டீர்கள். நொந்த பல் இன்னும் இருந்தது. நான் கோபமாகச் சொல்லவில்லை. கீழே மாமி தமிழில் கையெழுத்து வைத்தா. பழைய விலாசத்துக்கே அனுப்பினோம்.

பத்து நாளில் கடிதம் திரும்பி வந்தது. உறையில் தபாற்கந்தோரின் துண்டு ஒட்டியிருந்தது. கொண்டுபோய் மாமியிடம் கொடுத்தேன்.

“என்ன எழுதியிருக்கு?”

“ஆளைக் கண்டுபிடிக்க முடியேல்லையாம்.”

மாமி உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தா. உடைக்கவில்லை. கட்டிலுக்குக் கீழே குனிந்து அந்தப் பிளாஸ்ரிக் பையை இழுத்தெடுத்தா. செஞ்சிலுவைச் சங்கத்தின் கடிதங்களுக்கு மேலே அதை வைத்தா.

“இதுவும் அப்பிடித்தான்” என்றா.